புருஷன் ஜோக், பொண்டாட்டி ஜோக், நடுவில் உரிமை: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவி காமெடியைப் பற்றி எழுதுகிறவள் என்று தெரிந்துவிட்டால் தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் கல்யாணப் பந்தியில்கூட நிம்மதியாகச் சாப்பிட முடியாது. "ஏன்கா, டிவில ஆம்பளைங்கள மட்டும் இவ்ளோ கேவலமா காட்டுறாங்க?" என்பார் ஒருவர். "பொம்பளைய எப்படிக் காட்டுறான்னு நீ பாத்தியா?" என்று பக்கத்து இலையிலிருந்து அவர் மனைவியின் குரல் வரும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆண் உரிமை, பெண்ணியம் எல்லாம் டிவி காமெடியில் எங்கே வருகிறது? வருவது புருஷன் பொண்டாட்டி ஜோக்தானே?

என் புகாரே அதுதான். உரிமை பற்றிய எந்தச் சண்டையும் காமெடி மேடையில் ஏறியவுடன் குணத்தைப் பற்றிய கிண்டலாகிவிடுகிறது.

வீட்டு வேலையை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அந்த வேலையைச் செய்கிற ஆண்களை மட்டும் எண்ணியபோதே 97 தான் வந்தது. எட்டிப் பார்க்காதவர்களையும் சேர்த்தால் இன்னும் குறையும். யாருடைய நேரம் யாருக்காகச் செலவாகிறது என்று உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

மேடையில் இது எப்படி வருகிறது? பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போகிறாள், புருஷன் குதிக்கிறான். அடுத்த காட்சியில் பால் பொங்கி வழிகிறது, சோறு அடிப்பிடிக்கிறது, அவன் போன் போட்டுக் கெஞ்சுகிறான். கைத்தட்டல். முப்பத்தைந்து வயது ஆளுக்கு ஏன் பால் காய்ச்சத் தெரியவில்லை என்று யாரும் கேட்பதில்லை. ஆம்பளை என்றால் அப்படித்தான், பொம்பளை என்றால் இப்படித்தான் என்று முடிந்துவிடுகிறது. குணம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இதில் ஆண்களுக்கு லாபம் என்று நினைக்காதீர்கள். அவர்களுடைய நிஜமான குறைகளும் இதே வழியில்தான் காணாமல் போகின்றன. அதைக் கீழே சொல்கிறேன்.

பட்டிமன்றத்தையும் காமெடியில் சேர்க்கலாமா?

தாராளமாக. பொங்கல், தீபாவளி காலையில் சன் டிவியில் சாலமன் பாப்பையா நடுவராக உட்கார, ராஜா ஒரு பக்கம், பாரதி பாஸ்கர் இன்னொரு பக்கம் என்று பல வருடம் பார்த்தவர்கள் நாம். குடும்பத்தின் மகிழ்ச்சிக்குக் காரணம் ஆணா பெண்ணா, செலவாளி கணவனா மனைவியா என்கிற மாதிரித் தலைப்பில்தான் தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்குள் ஆண் பெண் விவாதம் நுழைந்தது. தெருவில் மேடை போட்டு அம்மன் கோயில் திருவிழாவுக்கு நடத்துகிற பட்டிமன்றங்களும் அதே பாணிதான். சிரிக்க வைத்துக்கொண்டே வந்து சட்டென்று கனமான இடத்துக்குப் போகத் தெரிந்தவர்கள் அந்த மேடையில் உண்டு. பாரதி பாஸ்கர் அதில் கெட்டிக்காரர்.

ஆனால் பட்டிமன்றத்தின் அமைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு அணிக்கும் சம நேரம், சம கைத்தட்டல், கடைசியில் இரண்டு பக்கமும் மனம் நோகாத ஒரு தீர்ப்பு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அதில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அந்த 38 சதவீதமும் "என் மனைவி புடவைக் கடையில் மூன்று மணி நேரம் எடுக்கிறாள்" என்பதும் ஒரே எடையுள்ள வாதங்களாகப் பட்டிமன்றத்தில் எதிரெதிரே நிற்கின்றன. எம்.சி. ரோட்டில் ஜவுளி எடுக்கப் போனால் மூன்று மணி நேரம் ஆகும்தான், நான் மறுக்கவில்லை. அதற்கும் இதற்கும் ஒரே நடுவர் போதுமா என்பதுதான் என் கேள்வி.

ஆண்கள் சேலை கட்டிக்கொண்டு வருகிற காமெடியில் என்ன தப்பு? நாடகக் காலத்திலிருந்து இருக்கிறதே?

தெருக்கூத்தில் ஆண்கள்தான் திரௌபதி. அந்தத் திரௌபதி வேடத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, அழுகிறார்கள். அதனால் ஆண் சேலை கட்டுவதைப் பிரச்சினை என்று நான் சொல்ல மாட்டேன். கட்டியபின் எந்தப் பெண்ணாக நிற்கிறார் என்று பாருங்கள்.

விஜய் டிவியின் அது இது எது, கலக்கப்போவது யாரு, பிறகு வந்த குக்கு வித் கோமாளி வரை இந்த வேடம் ஓயவில்லை. கதையில் வருவது பெரும்பாலும் நான்கைந்து பெண்கள்தான்: கத்துகிறவள், வழிகிறவள், குண்டாக இருப்பவள், கறுப்பாக இருப்பவள், ஆணை அடிப்பவள். இதில் கத்துகிறவள் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? அவள் பெரும்பாலும் எங்கள் ஊர்க்காரி. கண்டாங்கி தூக்கிச் செருகி, வெற்றிலை வாயோடு, "இன்னாய்யா", "கஸ்மாலம்" என்று ஆரம்பிப்பாள். மீன் விற்பாள், இல்லையென்றால் குழாயடியில் குடத்தோடு நிற்பாள். நடிப்பவருக்கு ஊர் மதுரையாகவோ திருச்சியாகவோ இருக்கும். காசிமேட்டுப் பெண் எப்படிப் பேசுவாள் என்று அவர் கற்றுக்கொண்டது வேறொரு காமெடியிலிருந்து.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். அங்கே சத்தமாகப் பேசாவிட்டால் ஏலத்தில் கூடை கிடைக்காது. அது தொழிலுக்கான குரல். காலையில் பணத்தைப் புரட்டி மீன் எடுத்து, மதியத்துக்குள் விற்று, வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிவிட்டு வீட்டுச் செலவையும் பார்க்கிற பெண்கள் அவர்கள். மயிலாப்பூர் வரவேற்பறையில் ஒரு பெண் வேலைக்குப் போகலாமா என்று சீரியல் வசனம் பேசிக்கொண்டிருந்த காலத்திலும் இவர்கள் சம்பாதித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பெரம்பூர் பின்னி மில் 1996-ல் மூடியபின் புளியந்தோப்பு, ஓட்டேரிப் பக்கம் பல வீடுகளில் பெண்ணின் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. பொருளாதாரச் சுதந்திரம் என்று பெண்ணியம் பேசுகிற விஷயம் இந்தத் தெருக்களில் பெயரில்லாமல் நடந்துகொண்டிருந்தது. டிவி காமெடிக்கு அந்தப் பெண்ணிடம் கிடைத்தது தொண்டை மட்டும்.

இன்னொன்று. ஆண் சேலை கட்டிச் சிரிக்க வைக்கும்போது முதல் அடி திருநங்கைகளுக்கு விழுகிறது. தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கையர் நல வாரியம் வந்துவிட்டது. வியாசர்பாடியில் அவர்கள் நமக்கு அக்கம்பக்கம். மேடையில் அந்த வேடத்தைப் பார்த்துச் சிரித்த பையன் மறுநாள் பஸ் ஸ்டாப்பில் அதே குரலில் அவர்களைக் கூப்பிடுகிறான். இதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, நின்று பார்த்தாலே தெரியும்.

புருஷனைப் பொண்டாட்டி பூரிக்கட்டையால் அடிக்கிற காமெடி மட்டும் சரியா? ஆண்களைக் கேவலப்படுத்துவது இல்லையா அது?

கேவலப்படுத்துவதுதான். இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆண்களை ஏளனம் செய்கிற பெண்ணியத் தோழிகளோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. வடிவேலு–கோவை சரளா ஜோடியின் அடிதடியை இருபத்தி நாலு மணி நேரக் காமெடி சேனல்கள் இன்னும் மறுபடி மறுபடி போடுகின்றன. நானும் சிரிக்கிறேன். இரண்டு பேரின் டைமிங்கும் அவ்வளவு கச்சிதம்.

ஆனால் அந்தச் சிரிப்பு எதனால் வருகிறது? பெண் அடிப்பது ஊர் வழக்கத்துக்குத் தலைகீழ் என்பதால். ஆண் அடிப்பதுதான் சாதாரணம் என்று பார்வையாளர் மனதில் இருந்தால்தான் இந்த ஜோக் வேலை செய்யும். ஆக, ஒரே பூரிக்கட்டை இரண்டு பேரையும் அடிக்கிறது. பெண்ணிடம் அடி வாங்கியவன் ஆம்பளையே இல்லை என்று அவனுக்கு ஒரு சேதி போகிறது. நிஜமாகவே வீட்டில் அடி வாங்குகிற ஆண், குறைந்தபட்சம் தினமும் அவமானப்படுகிற ஆண், வெளியே வாயைத் திறந்தால் என்ன கிடைக்கும்? டீக்கடை முழுக்கச் சிரிப்பு கிடைக்கும். அதனால் அவர் சொல்வதே இல்லை.

2022-ல் நீயா நானாவில் கணவரைவிட அதிகம் சம்பாதிக்கும் மனைவிகளும் அவர்களின் கணவர்களும் எதிரெதிரே உட்கார்ந்த நிகழ்ச்சி ஞாபகம் இருக்கலாம். பிள்ளையின் ரேங்க் கார்டை எழுத்துக்கூட்டிப் படிக்கிற கணவரைப் பற்றி மனைவி சிரித்துக்கொண்டே சொன்னார். கோபிநாத் அங்கேயே அந்தத் தகப்பனைப் பாராட்டிப் பரிசு கொடுத்தார். காமெடி நிகழ்ச்சி இல்லைதான், ஆனால் அந்தச் சிரிப்பு காமெடி நிகழ்ச்சிகளில் பழகிய சிரிப்பு. அது ஒரு மனிதரைக் குத்துகிறது என்று டிவியில் ஒருவர் நிறுத்திக் காட்டியது நல்ல விஷயம். அதன் பிறகு நடந்தது நல்ல விஷயம் இல்லை. அந்தப் பெண்ணைப் பல நாள் மீம் போட்டுக் கிழித்தார்கள். படிக்க முடியாமல் போனவர் அவமானப்பட்டதற்குப் படித்துச் சம்பாதித்தவளை அவமானப்படுத்திக் கணக்கை நேர் செய்தார்கள். அந்த மனிதர் ஏன் படிக்க முடியாமல் போனார் என்று கேட்டு ஒரு மீமும் என் கண்ணில் படவில்லை.

"மகளிர் ஸ்டேஷன்ல கம்ப்ளைன்ட் குடுப்பேன்" என்று மனைவி மிரட்ட, குடும்பத்தையே வேனில் ஏற்றுகிற ஜோக் வருகிறதே. சட்டம் அப்படித்தானா?

அந்த ஜோக்குக்கு வயதாகிவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு 1983-ல் சேர்ந்தது. கணவரும் அவர் உறவினர்களும் செய்யும் கொடுமைக்கான பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் ஆயிரம் விளக்கில் வந்தது. அதன்பின் புகார் கொடுத்த கையோடு மாமியார், நாத்தனார் வரை கைது என்பது பல இடங்களில் நடந்ததும் உண்மைதான். இந்தப் பிரிவைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று உச்ச நீதிமன்றமே 2005-லிருந்து சில தீர்ப்புகளில் கவலைப்பட்டிருக்கிறது. ஆண்கள் அமைப்புகள் இந்தியாவில் வேகம் பிடித்ததும் அந்தச் சமயத்தில்தான்.

ஆனால் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த மாதிரி வழக்கில் போலீஸ் இயந்திரம் போலக் கைது செய்யக் கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும், கைது ஏன் தேவை என்று காரணம் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் 498ஏ என்ற எண்ணே கிடையாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள்தான். காமெடி எழுதுகிறவர்கள் மட்டும் இன்னும் வேனை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அடி வாங்கிய ஒரு பெண் ஸ்டேஷன் படியேறினால் பெரும்பாலும் கிடைப்பது, "குழந்தைகளுக்காகப் பொறுத்துப் போம்மா" என்ற பேச்சும் சமரசமும்தான். இரண்டு வீட்டுப் பெரியவர்கள், ஒரு வட்டச் செயலாளர், ஒரு சாதிச் சங்கத்துக்காரர், எல்லோரும் சேர்ந்து பெஞ்சில் உட்காருகிற காட்சி இருக்கிறதே, ஒரு நல்ல நகைச்சுவை எழுத்தாளர் கையில் கிடைத்தால் அரை மணி நேரத்துக்குத் தாங்கும். யாரும் தொடவில்லை.

ஜீவனாம்ச ஜோக்குக்கும் ஒரு வரி. இந்து திருமணச் சட்டத்தின் 24, 25 பிரிவுகளின் கீழ் வருமானமில்லாத கணவரும் மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்கலாம்.

ஆண்கள்தானே அதிகம் தற்கொலை செய்துகொள்கிறார்கள்? அதைப் பற்றி யாராவது பேசினார்களா?

எண்ணிக்கை சரி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் இந்தியாவில் சுமார் 1,71,000 தற்கொலைகள். அதில் ஆண்கள் 1,22,000-க்கும் மேல். கேட்கிறவரின் கோபம் நியாயமானது.

அதே அறிக்கையில் அடுத்த பக்கத்தையும் பாருங்கள் என்பேன். மொத்தத்தில் கால்வாசிக்கும் மேல் தினக்கூலிக்காரர்கள். காரணங்களில் குடும்பப் பிரச்சினை முதலிடம், அடுத்து நோய். திருமணம் சார்ந்த பிரச்சினை என்று தனியாகப் பிரித்தது ஐந்து சதவீதத்துக்கும் கீழே. கூலி, கடன், குடி, நோய் என்று இது பரந்து கிடக்கிறது. துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர், எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளி, மழைக்காலத்தில் சவாரி இல்லாத ஆட்டோக்காரர், இவர்களுடைய கதை அது. டிவி காமெடி இவர்களுடைய கஷ்டத்தையெல்லாம் ஒரே ஆளிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது: பொண்டாட்டி. குடிகாரன் தள்ளாடிக்கொண்டு வருவான், ஏன் குடிக்கிறாய் என்றால் "கல்யாணம் ஆயிடுச்சுபா" என்பான். கூலியைப் பிடித்து வைத்திருக்கும் காண்டிராக்டர் அந்த ஸ்கிட்டில் வருவதே இல்லை. ஆண் உரிமைக்காரர்கள் காமெடி சேனல்கள் மீது கோபப்பட வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பெண்ணியவாதி பாத்திரம் ஏன் எப்போதும் பெரிய பொட்டு, காட்டன் புடவை, மைக்கோடு வருகிறது?

மேக்கப் செலவு குறைவு.

பெண்களுக்கு இலவச பஸ், மாதம் 1000 ரூபாய் என்றதும் "ஆம்பளைக்கு என்ன?" என்று கேட்கிற காமெடி சரியான கேள்விதானே?

கேள்வி சரியானது. பதில் சொல்ல மேடையில் ஆளில்லை என்பதுதான் குறை.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்தது. 2022-ல் சென்னையில் அடையாளம் தெரிவதற்காக முகப்பில் பிங்க் நிறம் அடித்தார்கள். 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய், குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. உடனே ஜோக்குகள் வரிசை கட்டின. சும்மா ஊரைச் சுற்றுகிற மாமிகள், ஆயிரம் ரூபாயில் பியூட்டி பார்லர் போகிற மனைவி, பெண் வேடம் போட்டு பஸ்ஸில் ஏறுகிற கணவன்.

காலை ஐந்தரைக்கு வடசென்னை டோல்கேட் ஸ்டாப்பில் பஸ் ஏறி அடையாறில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறவருக்கு அந்த டிக்கெட் மிச்சம் எவ்வளவு பெரிய பணம் என்று ஜோக் எழுதினவருக்குத் தெரியாது, அவர் ஓலாவில் போகிறார். சரி, அதே பஸ்ஸில் அதே வேலைக்குப் போகிற வாட்ச்மேன் பெரியவருக்கு டிக்கெட் வேண்டும். அவர் முணுமுணுப்பதில் தப்பு இல்லை. அந்த அம்மாவும் பெரியவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுவதாக எழுதினால் காமெடியும் வரும், விவாதமும் வரும். பொம்பளைக்கு ஓசி, ஆம்பளைக்கு நாமம் என்று முடித்தால் கைத்தட்டல் மட்டும்தான் வரும்.

வெளிநாட்டு டிவியில் இதை நன்றாகச் செய்கிறார்களா?

சில நேரம். ஆனால் அங்கேயும் நினைத்தது நடப்பதில்லை.

அமெரிக்காவில் 1971-ல் நார்மன் லியர் ஆல் இன் தி ஃபேமிலி என்று ஒரு தொடர் எடுத்தார். பிபிசியில் வந்த ஒரு தொடரைத் தழுவியது. ஆர்ச்சி பங்கர் என்று ஒரு குடும்பத் தலைவர், சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் ஃபோர்மேன். நம் துறைமுகத்துப் பக்கம் தேடினால் அவருக்கு அண்ணன் தம்பி கிடைப்பார்கள். கறுப்பர், யூதர், பெண் விடுதலை என்று எதைக் கேட்டாலும் அவருக்கு ஆகாது. மகள் குளோரியா பெண்ணியம் பேசுவாள், மருமகன் கூடச் சேர்ந்து வாதாடுவான். ஆர்ச்சியின் அசட்டுத்தனத்தைப் பார்த்து மக்கள் திருந்துவார்கள் என்பது எடுத்தவர்களின் எண்ணம்.

1974-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்று இரண்டு உளவியலாளர்கள் பார்வையாளர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஏற்கெனவே வெறுப்பு மனதில் இருந்தவர்கள் ஆர்ச்சியைத்தான் ரசித்தார்கள். வாதத்தில் ஜெயிப்பது அவர்தான் என்று நினைத்தார்கள். மற்றவர்களுக்கு அவர் கேலிக்குரியவராகத் தெரிந்தார். தொடர் ஒன்று, ஆளாளுக்கு ஒரு நாயகன். "நாங்கள் கிண்டல்தான் செய்கிறோம், ஆதரிக்கவில்லை" என்று இங்கே ஸ்கிட் எழுதுகிறவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும்.

ஆண் உரிமை இயக்கத்தை நேராகவே எடுத்த ஒன்று பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன் தொடரில் 2015-ல் வந்தது. நாயகி லெஸ்லியின் கணவர் தேர்தலில் நிற்கிறார். வேட்பாளர்களின் மனைவிமார்களுக்கு என்று ஒரு பை சுடும் போட்டி. பை என்பது அவர்களுடைய பழ அடை. லெஸ்லி போக மாட்டேன் என்றால் குடும்பப் பண்பாட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள், போகிறேன் என்றால் பெண்கள் அமைப்பு சண்டைக்கு வருகிறது. சரி, நானே சுடுகிறேன் என்று கணவர் இறங்கினால் ஆண்கள் சங்கம் ஒன்று, "இவரை மனைவி அடக்கி வைத்திருக்கிறாள், விடுதலை செய்வோம்" என்று கொடி பிடிக்கிறது. மூன்று தரப்புக்கும் கிண்டல் உண்டு. ஆனால் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொள்வதில்லை. இருவரும் ஒரே பக்கம் நின்று வெளியே இருக்கிற அபத்தத்தைப் பார்க்கிறார்கள். இங்கே ஒருவராவது அந்த வழியில் எழுதிப் பார்க்கலாம்.

ஆண் உரிமை பேசுபவர்களை வெறும் கோமாளிகளாகக் காட்டியது அங்கேயும் ஒரு சுலபமான வழிதான் என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினார். அதில் எனக்குப் பாதி சம்மதம்.

ஜோக் ஜோக்தானே? அதைப் பார்த்து யார் கெட்டுப்போனார்?

தாமஸ் ஃபோர்டும் அவருடன் சேர்ந்தவர்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெண்களை மட்டம் தட்டும் காமெடித் துண்டுகளை ஒரு குழுவுக்குக் காட்டினார்கள். பிறகு மாணவர் அமைப்புகளுக்கான நிதியில் யாருக்கு எவ்வளவு வெட்டலாம் என்று கேட்டார்கள். பெண்கள் மீது ஏற்கெனவே காழ்ப்பு இருந்த ஆண்கள், அந்தக் காமெடியைப் பார்த்தபின், பெண்கள் அமைப்பின் நிதியை அதிகமாக வெட்டினார்கள். காழ்ப்பு இல்லாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அதாவது, ஜோக் நல்லவனைக் கெட்டவனாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பதை வெளியே விடச் சம்மதம் கொடுக்கிறது. எங்கள் தெருவில் இதற்கு "அவனே சொல்லிட்டான், நமக்கென்ன" என்று பெயர்.

பெண் காமெடியன்கள் நிறைய வந்தால் சரியாகிவிடுமா?

ஆகும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதி இல்லை. அறந்தாங்கி நிஷா கலக்கப்போவது யாரு மேடைக்கு வந்தபோது, ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி ஆண்களுக்குச் சமமாக நின்று கவுண்டர் கொடுத்தது புதிதாக இருந்தது. ஆனால் தன் நிறத்தையும் உடம்பையும் தானே கிண்டல் செய்தால்தான் அந்த மேடையில் நுழைய முடிந்தது. நுழைவுக் கட்டணம் மாதிரி. ஆண்கள் யாரும் அதைக் கட்டுவதில்லை என்றும் சொல்ல முடியாது. குள்ளமான ஆண், வழுக்கை ஆண், கறுப்பு ஆண் எல்லோரும் கட்டுகிறார்கள். யார் எழுதுகிறார், யார் எடிட்டிங்கில் வெட்டுகிறார் என்பது மாறினால்தான் மேடையில் நிற்கிறவர் மாறியதற்குப் பலன்.

ராயபுரத்தில் பிறந்த இசைவாணியைப் பாருங்கள். கானா ஆண்களின் பாட்டு, அதிலும் பாதி ஏமாற்றிவிட்டுப் போனவளைத் திட்டுகிற பாட்டு என்று இருந்த இடத்தில் ஒரு பெண்ணாக நின்று பாடினார். 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அவர் சினிமா, டிவி கூப்பிடட்டும் என்று காத்திருந்து பாட ஆரம்பிக்கவில்லை. காமெடியிலும் அப்படி ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து வரட்டும். குழாயடிப் பெண்ணை அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்த ஒருத்தி எழுதினால் கேட்க ஆசை.

அப்போ எதைப் பார்த்துத்தான் சிரிப்பது?

சிரிக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? புருஷன் பொண்டாட்டி சண்டையில் சிரிப்பு இல்லாமல் போகாது. 1990களின் கடைசியில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில் நாகா இயக்கிய ரமணி vs ரமணி வந்தது. இருவர் பெயரும் ரமணி, இருவருக்கும் சம அளவு வாய். யாரும் யாருக்கும் அடிமை இல்லை, அதனாலேயே சண்டை ருசியாக இருந்தது. ஆனால் அது நடுத்தர வர்க்க வீடு, கதவைச் சாத்திவிட்டுச் சண்டை போடலாம். கொருக்குப்பேட்டையில் பத்துக்குப் பத்து அறையில் மாமியார், இரண்டு பிள்ளை, 2006-க்குப் பிறகு வந்த அரசு கலர் டிவி எல்லாம் இருக்க, கிசுகிசுப்பாகச் சண்டை போடுகிற தம்பதியைப் பற்றி யாராவது எடுத்தால் நான் முதல் ஆளாகப் பார்ப்பேன்.

வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் "உனக்கு ஹியூமர் சென்ஸே இல்ல" என்கிறார்கள்.

"இதுல என்ன ஜோக், எனக்குப் புரியல, சொல்லுங்க" என்று அப்பாவியாகக் கேளுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்த இரண்டாவது வாக்கியத்தில் பெரும்பாலும் டிவி சத்தம் கூட்டப்படும். விளம்பர இடைவேளையில் கேட்டால் இன்னும் நல்லது.

ஒரு நிகழ்ச்சி எல்லை மீறிவிட்டது என்றால் எங்கே புகார் செய்வது? ஆண்களும் செய்யலாமா?

யார் வேண்டுமானாலும் செய்யலாம். கேபிள் டிவி விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறிமுறையில் பெண்களை இழிவாகச் சித்திரிக்கக் கூடாது என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. ஆண்களுக்கு அப்படித் தனிப் பிரிவு இல்லை. ஆனால் ஆபாசம், அவதூறு, ஒரு பிரிவினரை இழிவுபடுத்துவது போன்ற பொதுவான பிரிவுகள் எல்லோருக்கும் உண்டு.

முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். 2021-ல் திருத்திய விதிகளின்படி அவர்கள் 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால், வந்தும் திருப்தி இல்லாவிட்டால், அந்தச் சேனல் உறுப்பினராக இருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு அடுத்த 15 நாளுக்குள் மேல்முறையீடு. செய்தி அல்லாத பொழுதுபோக்குச் சேனல்கள் பலவற்றுக்கு அது 2011-ல் தொடங்கிய பிசிசிசி (BCCC) என்ற ஒளிபரப்புப் புகார்க் குழு. புகாரில் நிகழ்ச்சியின் பெயர், சேனல், தேதி, நேரம், எந்த வசனம் என்பதை எழுதுங்கள். "பெண்களை அவமதித்தார்கள்" என்று மட்டும் எழுதினால் எந்த நிகழ்ச்சியின் எந்த வசனம் என்று அவர்களுக்கே தெரியாது, அவ்வளவு இருக்கிறது.